கணேசனுக்கு இருந்த மூன்றாம் வரி

செத்துப்போனவர்களில் கெட்டவர் என்று ஒருவர்கூடக் கிடையாது. நம்பாவிட்டால் ஆரியசாலையில் எங்கள் சித்தி வேலை பார்க்கும் ஃப்ளெக்ஸ் கடைக்கு வந்து பாருங்கள். வாடகைக்கு இருந்தவர்களைச் சட்டி பானையோடு தெருவில் தள்ளியவர், தம்பியின் பங்கை விழுங்கி ஏப்பம் விட்டவர், யாராக இருந்தாலும் சரி, படத்துக்கு மாலை விழுந்ததும் 'பாசத்தின் சிகரமே' ஆகிவிடுவார். ஆக்குகிறவள் என் சித்தி கலைச்செல்வி.

மலையாளிகளுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. போட்டோவுக்குக் கீழே 'ஆதராஞ்சலிகள்' என்று ஒரு வார்த்தை, அதற்கும் கீழே கிளப்பின் பெயர், முடிந்தது. நம்ம ஆட்களுக்கு அது போதாது. அழ வேண்டும். அதுவும் நாலு வரியில், கேட்கிறவர்களும் சேர்ந்து அழுகிற மாதிரி அழ வேண்டும். சாலைக் கடைத்தெருவில் தலைமுறையாக இருக்கிற வியாபாரக் குடும்பங்கள் முதல், கட்டட வேலைக்கு வந்து ஒரே அறையில் அடைந்து கிடக்கிற ஆட்கள் வரை, ஒரு சாவு விழுந்தால் ஒரு ஆள் ஐஸ் பெட்டிக்கு ஓடுவான், இன்னொரு ஆள் சித்தியிடம் ஓடி வருவான். ஃப்ளெக்ஸுக்குத் தடை வந்து இப்போது துணியில்தான் அடிக்கிறார்கள். பெயர் மட்டும் இன்னும் ஃப்ளெக்ஸ்தான்.

இதில் ஒரு வழக்கம் உண்டு. பாட்டுக்குக் கீழே எழுதினவர் பெயரைப் போடுவதில்லை. 'உன் பிரிவால் வாடும் மனைவி, மக்கள், பேரப்பிள்ளைகள்' என்று அழுகிறவர்களின் பெயர்தான் வரும். யார் அழுகிறார்களோ அவர்கள் எழுதியதாகத்தான் ஊரில் வைத்துக்கொள்வார்கள். சித்தி அதை ஒருநாளும் தப்பாக நினைத்ததில்லை. "கல்யாணப் பத்திரிகையில அச்சாபீஸ்காரன் பேரையா மாப்பிள்ளைன்னு போடுவாங்க?" என்பாள்.

நானும் ஒருமுறை முயன்று பார்த்தேன். பிளஸ் டூவில் என்னை விடாமல் தோற்கடித்துக்கொண்டிருந்த கணக்கு டீச்சரின் படத்தை வைத்து, மாலை போட்டு, நாலு வரியும் எழுதி, கடை கம்ப்யூட்டரில் வைத்துவிட்டு வந்தேன். டீச்சர் அன்றைக்கும் இன்றைக்கும் நல்ல சுகமாக இருக்கிறார். சித்தி திட்டுவாள் என்று வாசலில் செருப்பைத் தயாராகப் போட்டு நின்றேன். அவள் படித்துவிட்டு, "மூணாவது வரி கொள்ளூல, நல்லாவே இல்ல ஷிஜா. அந்த டீச்சரை உனக்கு ஒண்ணுமே தெரியல" என்றாள். அவ்வளவுதான்.

மூணாவது வரிதான் சித்தியின் தொழில். முதல் இரண்டு வரியும் கடைசி வரியும் எல்லோருக்கும் ஒன்றே. செத்தவர் பெயரை மட்டும் மாற்றுவாள். மூணாவது வரிக்கு மட்டும் ஒரு கேள்வி கேட்பாள். அழுது வீங்கின முகத்தோடு வந்து நிற்கிறவர்களிடம், போட்டோ அளவைக் கேட்கிற அதே குரலில், "வீட்டுக்குள்ள ஏறும்போது அவரு என்ன சொல்லிக்கிட்டு வருவாரு?" என்பாள். வந்தவர்கள் திகைப்பார்கள். பிறகு யாராவது ஒருவர் சொல்வார். சொன்ன பிறகுதான் கடையிலேயே நிஜமான அழுகை ஆரம்பிக்கும். கடை முதலாளி பிச்சைக்கனி அண்ணாச்சிக்கு இது பிடிக்காது. "ஏம்மா, டிசைன் பண்ணச் சொன்னா பிழிஞ்சு எடுக்கியே" என்பார். ஆனாலும் அந்தக் கேள்விக்காகவே ஆட்கள் வருகிறார்கள் என்று அவருக்குத் தெரியும்.

அந்த நாலு வரிப் பாட்டு முதன்முதலில் என் சித்தப்பாவுக்கு எழுதியது.

சித்தப்பா செல்வகணேஷ் வள்ளியூர்ப் பக்கத்து ஆள். தம்பானூரில் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். ஹோட்டலுக்கு போர்டு வைக்க வேண்டும் என்றுதான் முதலில் கடைக்கு வந்தார். அடித்துக் கொடுத்தாள். மறுநாள் வந்து, பரோட்டா என்கிற எழுத்து சிறிசாக இருக்கிறது என்றார். பெரிசாக்கினாள். அதற்கடுத்த நாளும் வந்து, இன்னும் கொஞ்சம் பெரிசாக இருந்தால் நல்லது என்றார். அண்ணாச்சி நிமிர்ந்து, "தம்பி, இதுக்கு மேல பெருசாக்கணும்னா சட்டசபை சுவத்துலதான் ஒட்டணும். உனக்கு என்ன வேணும்னு நேரா சொல்லிரு" என்றார். சித்தப்பா நேராகச் சொல்லிவிட்டார்.

கல்யாணத்துக்குப் பிறகு மிளகாய் மண்டிக்குப் பின்னால் எங்கள் வீட்டு மாடி அறையில் குடியிருந்தார்கள். மண்டிக்குப் பின்னால் குடியிருப்பதில் ஒரு வசதி, யார் அழுதாலும் மிளகாய் நெடி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அவர்கள் இருவருக்கும் அந்த வசதி அப்போது தேவைப்படவில்லை. பிள்ளை இல்லை. நான் இருந்தேன். சித்தப்பா என்னைக் கல்லாற்றுக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தண்ணீரில் தூக்கிப் போட்டு எடுப்பார். "மாவு மாதிரிதான், அடிச்சாத்தான் லேயர் வரும்" என்பார். ஹோட்டல் அடைத்துவிட்டு அவர் வீடு வந்து சேரும்போது நான் தூங்கியிருப்பேன். அதனால் அவர் படியேறும்போது என்ன சொல்லிக்கொண்டு ஏறுவார் என்று எனக்குத் தெரியாது. இதை எழுதும்போது அதை நினைத்து எனக்குக் கோபமாக வருகிறது. ஒருநாளாவது விழித்திருந்திருக்கலாம்.

அவர் பரோட்டா மேடையில் மாவை அடித்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்தபோது விரல்களில் மாவு காயாமல் ஒட்டியிருந்தது. மறுநாள் காலையில் சித்தியைக் காணவில்லை. தேடினால் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். அண்ணாச்சி பதறிப்போய், "நீ போம்மா, நான் வேற ஆளை வச்சு அடிக்கேன்" என்றிருக்கிறார். "அவருக்கு நான்தான் அண்ணாச்சி போடணும்" என்றாளாம். புருஷன் வீட்டில் பிணமாகக் கிடக்கிறான், இவள் மௌஸைப் பிடித்துக்கொண்டு இருக்கிறாள் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். என் அம்மாவும் பேசினாள்.

ஆரியசாலை முக்கில் கட்டிய அந்த ஃப்ளெக்ஸின் கீழே ஒரே ஒரு பெயர்தான் இருந்தது, மனைவி கலைச்செல்வி. எங்கள் வீட்டில் எல்லோரும் அதைப் படித்தோம். பதினாறு கழிந்ததும் யாரோ அவிழ்த்துக்கொண்டு போனார்கள். மழைக்குத் தள்ளுவண்டி மேல் போடப் போயிருக்கும். எல்லா ஃப்ளெக்ஸும் அங்கேதானே போகிறது.

சித்தி வேலைக்குத் திரும்பிய கொஞ்ச நாளில் ஒரு அம்மா வந்தாள். பாறசாலைக்கு அந்தப் பக்கம், மாநில எல்லையை ஒட்டின ஊர். பெயர் ரத்னாபாய். மகன் பிரபின் சாலைக் கடைத்தெருவில் ஒரு ஹார்ட்வேர் கடையில் வேலை பார்த்தவன். பைக்கில் வீட்டுக்குப் போகும்போது லாரி இடித்துவிட்டது. அந்த அம்மா அழவில்லையாம். மேஜையைப் பிடித்துக்கொண்டு, "எதாவது ரெண்டு வார்த்தை போட்டுத் தா மக்களே. எனக்கு ஒண்ணும் வாயில வரல்ல" என்றாளாம். அந்தப் பக்கத்தில் ஒற்றைப் பிள்ளையையும் 'மக்களே' என்றுதான் கூப்பிடுவார்கள். சித்தி தன் புருஷனுக்குப் போட்ட ஃபைலைத் திறந்தாள். பெயரை மாற்றினாள். அப்போதுதான் முதல்முறையாக அந்தக் கேள்வியைக் கேட்டாள். பதில் கிடைத்ததும் மூணாவது வரியையும் மாற்றினாள். அப்படியே அதன் மேலேயே சேவ் செய்தாள். கடையில் அப்படித்தான் வேலை. ஒரே ஃபைல், ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள்.

கதவைத் திறந்தே வைத்தேன், பிரபினே,
விளக்கைத் தணித்தே வைத்தேன்;
படியேறும் முன்னே பசிக்குதென்பாயே,
இன்றைக்கு மட்டும் ஏன் தாமதம்?

அதற்குப் பிறகு எத்தனையோ பேருக்கு எத்தனையோ மூணாவது வரி எழுதினாள். ஆனால் இதைப் பார்த்தவர்களில் பலர் வேறெதையும் கேட்கவில்லை. "அந்தப் 'பசிக்குதென்பாயே' இருக்குல்லா, அதே மாதிரி போடுங்க" என்று வந்தார்கள். சித்தியின் கேள்வியைக் காதில் வாங்காமல் அதையே கேட்டார்கள். பக்கத்துக் கடைக்காரர்கள் திருடினார்கள். நெய்யாற்றின்கரை, மார்த்தாண்டம், நாகர்கோவில் என்று போய்விட்டது. பல் இல்லாத கிழவருக்கும் 'பசிக்குதென்பாயே', சர்க்கரை வியாதியில் பட்டினி கிடந்து செத்தவருக்கும் 'பசிக்குதென்பாயே'. நான் சிரிப்பேன். சித்தியும் சிரிப்பாள்.

பிறகு சினிமா வந்தது.

'அந்தப்புரத்து ஏடு' என்று ராஜா காலத்துப் படம், தமிழிலும் மலையாளத்திலும். கதை இதுதான்: இளவரசன் செத்துப்போகிறான். மாமன் வீட்டு விருந்தில் வயிறாரச் சாப்பிட்டுத் தூக்கத்தில் போய்விட்டான் என்கிறார் மந்திரி. விஷம் வைத்தது அவர்தான். இளவரசனை வளர்த்த தாதி ஒரு இரங்கற்பா பாடுகிறாள். அவன் வெளியில் கை நனைக்காமல் பசியோடுதான் வீடு வருவான் என்கிற சங்கதி அதில் இருக்கிறது. பாட்டு ஊரெல்லாம் பரவுகிறது. மந்திரி பயந்துபோய், அது நான் எழுதியது என்று ஆஸ்தானக் கவிராயரைச் சொல்ல வைத்து, அந்த வரியையும் மாற்றப் பார்க்கிறார். யார் எழுதியது என்று சபையில் வழக்கு. படத்தில் தாதி பாடுகிற பாட்டு என்ன என்று நினைக்கிறீர்கள்? 'கதவைத் திறந்தே வைத்தேன், மன்னவா.'

படம் வருவதற்கு முன்னால் பாட்டை யூடியூபில் விட்டார்கள். வரிகள் என்கிற இடத்தில் 'மரபுப் பாடல்' என்று போட்டிருந்தார்கள். சித்தி அதைக் கடையில் கேட்டுவிட்டு, "நம்ம ஃப்ளெக்ஸுக்கு மியூசிக் போட்டுட்டாங்கடி" என்று சிரித்தாள். அதுவரைக்கும் சிரிப்புதான்.

அடுத்து ரத்னாபாயின் மகள் ஷெமி ஒரு வீடியோ போட்டாள். அண்ணனின் கல்லறை, கருங்கல்லில் அந்த நாலு வரி, கீழே 'அம்மா ரத்னாபாய்'. இது மரபுப் பாடல் அல்ல, என் அம்மா என் அண்ணனுக்கு எழுதியது என்று அழுதாள். லட்சக்கணக்கில் பார்த்தார்கள். சினிமாக்காரர்கள் நல்லவர்கள்தான், ஓடிப்போய் அந்த அம்மாவை மேடைக்குக் கூட்டிவந்து பொன்னாடை போர்த்தினார்கள். 'பாட்டு திருடப்பட்ட கதையைச் சொல்லும் நாங்கள் திருட மாட்டோம்' என்று டைரக்டர் பேசினார். கை தட்டல். மைக்கை நீட்டியதும் ரத்னாபாய், "எனக்க மொவனுக்கு எழுதினேன்" என்று மட்டும் சொன்னாள்.

சித்தி அதைப் பார்த்தபோது யாருக்கோ அந்தப் பாட்டைத்தான் அடித்துக்கொண்டிருந்தாள். பெயர் வருகிற இடத்தில் கர்சர் மினுங்கிக்கொண்டிருந்தது. அவள் மௌஸிலிருந்து கையை எடுத்தாள். பிறகு என்னைப் பார்த்து, "அந்த எடத்துல கணேசான்னு இருந்துது ஷிஜா" என்றாள்.

"தெரியும் சித்தி."

"யாருக்கும் தெரியாதுல்லா."

அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். பணம் வேண்டாம், மேடை வேண்டாம். ஊர் முழுக்க எவனெவன் பெயரிலோ போய்க்கொண்டிருந்தவரை அவளுக்கு ஒன்றும் இல்லை, அது வேலை. இப்போது பார்த்தால் வேறொருத்தருக்கென்று கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள், சினிமாவிலும் எழுதப்போகிறார்கள். முதலில் அது கணேசனுக்குத்தான் என்று ஒரு இடத்தில் இருக்க வேண்டும்.

சினிமாக் கம்பெனியின் நம்பரைக் கண்டுபிடித்துக் கூப்பிட்டது நான். ஸ்பீக்கரில் போட்டேன். எடுத்தவன் ஷைஜு என்று உதவி டைரக்டர்.

"எந்தா சேச்சி, இப்ப நீங்களும் வந்துட்டீங்களா? இதுவரைக்கும் பதினஞ்சு பேரு விளிச்சாச்சு. எல்லாரோட அப்பன் ஃப்ளெக்ஸிலும் இது இருக்கு" என்றான். சித்தி நடந்ததைப் பொறுமையாகச் சொன்னாள். அவன் குரல் மாறிவிட்டது. "சத்தியம் பறஞ்சா, நான் அதைப் பார்த்தது கல்லார்ல ஒரு சாயாக்கடை மேல கட்டியிருந்த பழைய ஃப்ளெக்ஸ்ல. பேரு கிழிஞ்சு போயிருந்துச்சு. நாடோடிப் பாட்டுன்னு நெனச்சேன். சேச்சி, அந்த ரத்னாபாயம்மா ஒரு வார்த்தை சொன்னா டைட்டிலை மாத்திரலாம். டைரக்டர் அந்த டைப் ஆளு. ஆனா அவங்க சொல்லணும். நம்ம படத்துலயும் இதே வழக்குதானே, ஒரு பாட்டு, ரெண்டு ஆளு."

"உங்க படத்துல யாரு ஜெயிக்கா?" என்று நான் கேட்டேன்.

"அது தியேட்டர்ல வந்து காணணும்" என்றான்.

பாறசாலை பஸ் ஏறினோம். நான்தான் ஒத்திகை நடத்தினேன். ரத்னாபாயாக நான், சித்தியாகவும் நான். இரண்டு பேரும் நன்றாகச் சண்டை போட்டோம். முன் சீட்டுக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். சித்தி சிரிக்கவில்லை.

அந்த வீட்டு முற்றத்திலேயே கல்லறை. சுற்றி ரப்பர், வாழை. கல்லில் எழுத்து அழகாக வந்திருந்தது. வேலை தெரிந்த ஆள் வெட்டியிருக்கிறான். சித்தி குனிந்து, 'பிரபினே' என்கிற எழுத்தின் மேல் கையை வைத்தாள்.

"ஆரு?" என்று உள்ளேயிருந்து வந்த ரத்னாபாய், வாசலில் நின்று கண்ணை இடுக்கினாள். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "ஏ மக்களே! அந்தக் கம்ப்யூட்டர் பிள்ளையில்லியா நீ! ஷெமியே, இஞ்ச வா, நான் பறஞ்சேன்லா, நான் சொல்லச் சொல்ல ஒரு பிள்ளை அடிச்சாளுன்னு. இவதான். கேறி வா மக்களே, கேறி வா."

நான் சொல்லச் சொல்ல ஒரு பிள்ளை அடித்தாள். அந்த அம்மாவின் மனதில் அது அப்படித்தான் இருந்தது. பொய் சொல்கிறவளுக்கு நம்மைப் பார்த்தால் முகம் அப்படி மலராது. நான் பஸ்ஸில் தயார் செய்த சண்டையெல்லாம் அந்த வாசலிலேயே செத்துப்போயிற்று.

மரச்சீனிக் கிழங்கும் கட்டன் சாயாவும் வந்தன. சித்தி தொடவில்லை. "அம்மா, ஒண்ணு சொல்லணும். அந்தப் பாட்டு நான் எழுதினது. எங்க வீட்டுக்காரர் செத்த மறுநாள். அவரு பேருதான் அதுல முதல்ல இருந்துது. உங்களுக்கு அதைத்தான் மாத்தித் தந்தேன்" என்றாள்.

ஷெமிதான் முதலில் பாய்ந்தாள். "சினிமால வந்த பெறவுதான் ஓர்மை வந்துதா அக்காவுக்கு? எங்க அண்ணன் கல்லுல இது இத்தனை வருசமா கெடக்கே, அப்ப எங்க போயிருந்தீங்க?"

"நீ சும்மா இரிடீ" என்றாள் ரத்னாபாய். கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். முற்றத்துக் கல்லைப் பார்த்தாள். மெல்லக் கேட்டாள். "அப்போ எனக்க மொவனுக்கு நான் ஒண்ணும் எழுதல்லியா?"

சித்தியும் அந்தக் கல்லைத்தான் பார்த்தாள்.

"நான் அதைத் தெனமும் செபத்துல சொல்லுதேன். எனக்க வாயில இருந்து வந்ததுன்னுதான் சொல்லுதேன். இல்லியா?" பிறகு அந்த அம்மாவுக்கு ஏதோ தோன்றியது. சித்தியின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். "மக்களே, 'பசிக்குதென்பாயே'ன்னு இருக்கே. அது ஒனக்க மாப்பிளை சொல்லியதா?"

"இல்லம்மா" என்றாள் சித்தி உடனே. "அது பிரபின் சொன்னது. நீங்க சொன்னீங்க. நான் கேட்டேன், நீங்க சொன்னீங்க, கேட்ல வண்டியை நிறுத்தும்போதே பசிக்குதுன்னு கத்துவான்னு."

"ஆமா. கத்துவான்." அந்த அம்மாவின் தோள் இறங்கியது. அந்த ஒரு வரியாவது மகனிடமே இருந்துவிட்டது. "அப்போ ஒனக்க மாப்பிளைக்கு அந்த எடத்துல என்னத்த எழுதியிருந்தே?"

கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. துக்க வீட்டில் ஒருத்தி இன்னொருத்தியிடம் கேட்கிற மாதிரித்தான் கேட்டாள்.

சித்தி வாயைத் திறந்தாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் உதடு அசைந்தது. 'கதவைத் திறந்தே வைத்தேன் கணேசா, விளக்கைத் தணித்தே வைத்தேன்.' அதற்கப்புறம் நின்றது. திரும்ப முதலிலிருந்து சொன்னாள். திரும்பவும் அதே இடத்தில் நின்றது. மூன்றாம் முறை சொல்லும்போது வேகமாகச் சொன்னாள், ஓட்டத்தில் தானாக வந்து விழும் என்று. 'பசிக்குதென்பாயே' என்றுதான் விழுந்தது. அவள் தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

ஷெமி எழுந்து உள்ளே போய்விட்டாள். அவளாலும் பார்க்க முடியவில்லை போல.

"பைய யோசி மக்களே" என்றாள் ரத்னாபாய். "ஓர்மை வந்தாச்செண்ணா எனக்கு ஒரு போன் போடு. நான் அந்த சினிமாக்காரன்ட்ட பறஞ்சு ஒனக்க மாப்பிளைக்க பேரைப் போடச் சொல்லுதேன். கர்த்தராணை." அவள் வாக்கு மாறுகிற ஆள் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் எல்லோரிடமும் கேட்டோம். அம்மா கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். "செருப்பைப் பத்தி என்னமோ வரும்... இல்ல, சாவி... இரு, பாடிப் பாக்கேன்" என்று ஆரம்பித்தாள். அவள் வாயிலும் 'பசிக்குதென்பாயே'தான் வந்தது. அப்பாவுக்கும் அதுவே. அண்ணாச்சி பழைய கம்ப்யூட்டரைத் துடைத்துத் திறந்து பார்த்தார். அந்த ஃபைலில் யாரோ ஒரு ஓய்வுபெற்ற கண்டக்டர் இருந்தார். சித்தப்பாவின் சொந்தக்காரர்களுக்கு வள்ளியூருக்கு போன் செய்தோம். போட்டோ எடுத்து வைத்திருந்ததாகவும் அந்தப் போன் போய்விட்டதாகவும் சொன்னார்கள். பாட்டு ஓர்மை இருக்கிறதா என்றால், "ஓ, நல்லா இருக்கே" என்று சொல்லிக் காட்டினார்கள். அதே பசிதான். முதலில் இருந்த வரியின் மேல் பிரபின் ஏறி உட்கார்ந்துவிட்டான். அவன் மேல் என்னால் கோபப்படவும் முடியவில்லை. பசியோடு வீட்டுக்கு வந்துகொண்டிருந்த பையன்.

"சித்தப்பா என்ன சொல்லிக்கிட்டு வருவாரு சித்தி? அதை வச்சுக் கண்டுபிடிக்கலாமே."

"நெறைய சொல்லுவாருடி. 'கலை, கதவைத் தொற, கையெல்லாம் எண்ணெய்' என்பாரு. சில நாளு ஹோட்டலுக்கு வந்த ஆளுங்க மாதிரி ஆக்டிங் பண்ணிக்கிட்டு வருவாரு. 'மாஸ்டரே, ரெண்டு பரோட்டா'ம்பாரு. சில நாளு ஒண்ணும் பேசாம வந்து நிப்பாரு. எல்லாம் ஓர்மை இருக்கு. இதுல எதை எழுதினேன்னுதான் தெரியல."

"புதுசா ஒண்ணு எழுதிரு. உன்னால முடியாததா?"

"எழுதலாம். அது இன்னைக்கு எழுதினதா இருக்கும்ல. அவரு கெடந்த அன்னைக்கு எழுதினது அது இல்லல்லா."

ஷைஜு கூப்பிட்டான். ரத்னாபாயம்மாவே அவனிடம் பேசிவிட்டாளாம். "சேச்சி, ரெண்டு பேரோட பேரும் போடலாம். அவங்களுக்கு சம்மதம்" என்றான். மூன்று வரி சித்தியுடையதுதான், நியாயம் அதுதான், நானும் வேண்டிக் கேட்டேன். சித்தி, "வேண்டாம் தம்பி. அவரு இல்லாத பாட்டுல என் பேரு எதுக்கு? அந்த அம்மா பேரே இருக்கட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கடைக்கு ஒழுங்காகப் போனாள். ஆனால் அந்தப் பாட்டைக் கேட்டு வந்தால், வேறு ஏதாவது போடலாமே என்று சொல்லிப் பார்த்தாள். கேட்கவில்லை என்றால் அடித்துக் கொடுத்தாள். ரத்னாபாய் அவ்வப்போது போன் செய்வாள். "ஓர்மை வந்துதா மக்களே?" சித்தி, "இல்லம்மா" என்பாள். பிறகு இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசுவார்கள்.

படம் வந்தபோது நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். சித்தி பிடிவாதமாகக் கிளம்பிவிட்டாள். தம்பானூரில் மேட்னி ஷோ. டைட்டிலில் ரத்னாபாயின் பெயர் தனியாக வந்தது. சித்தி மெதுவாகத் தலையாட்டிக்கொண்டாள். படம் நன்றாகத்தான் இருந்தது. மந்திரிக்கு ஒட்டின மீசை ஒரு காட்சியில் லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது. அதைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று திரும்பினால், சித்தி மூச்சை அடக்கிக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் சபை கூடியது. ராஜா சொல்கிறார்: "முதல் இரண்டு அடியை ஊரே பாடுகிறது. எழுதியவர் யாரோ அவர் மூன்றாம் அடியைச் சொல்லட்டும்."

சித்தி என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது. முன்னால் சாய்ந்து, சீட்டின் நுனிக்கு வந்துவிட்டாள். கவிராயர் எழுந்து தொண்டையைச் செருமினார். சித்தியின் உதடு அவரோடு சேர்ந்து திறந்தது. அவர், 'வெண்குடை நிழலில் விருந்துண்டு வந்தாய்' என்றார். அது இல்லை. சித்தி கையை விடவில்லை. அடுத்து தாதி எழுந்தாள். வேறு ஏதாவது சொல்லிவிட மாட்டாளா என்று நானும் அப்போது ஒரு கணம் நினைத்தேன், சத்தியமாக. சினிமாதானே, என்ன வேண்டுமானாலும் வரலாமே.

'படியேறும் முன்னே பசிக்குதென்பாயே.'

சுற்றிலும் மூக்கை உறிஞ்சும் சத்தம். பின் சீட்டில் ஒரு ஆள் ஓவென்று அழுதார். சித்தி அழவில்லை. அவள் கை தளர்ந்து என் மடியில் கிடந்தது. "இதுவும் இல்ல" என்று மட்டும் சொன்னாள்.

வெளியே வந்தோம். பஸ் ஸ்டாண்டு இரைச்சல், ஆட்டோக்காரர்கள் கூப்பாடு. அடுத்த ஷோவுக்கு ஆட்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். சித்தி நடந்துகொண்டே இருந்தவள் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"இன்னொரு வாட்டி பாக்கலாமா ஷிஜா?"

போய் வரிசையில் நின்றேன்.